எளிய இயந்திரங்கள் பாடத்தை நான் படித்த விதம்: ஒரு கத்தரிக்கோல், ஒரு பலகை, ஒரு முக்கோணக் காகிதம்

எளிய இயந்திரங்கள் பாடம் சுலபம் என்று பலர் அதைக் கடைசி நாளுக்குத் தள்ளிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். நெம்புகோல், கப்பி, சாய்தளம், ஆப்பு, திருகு, சக்கரமும் அச்சும் என்று ஆறு பெயர், ஆறு வரையறை, நெம்புகோலில் மூன்று வகை, வகைக்கு இரண்டு உதாரணம், இவ்வளவுதானே என்று ஒரே இரவில் மனப்பாடம் செய்துகொண்டு தேர்வுக்குப் போனேன். வினாத்தாளில் வரையறை எதுவும் வரவில்லை. தடித்த அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டும்போது அதை நுனியில் வைக்காமல் ஏன் உள்ளே தள்ளி வைக்கிறோம் என்று கேட்டிருந்தார்கள். கத்தரிக்கோல் முதல் வகை நெம்புகோல் என்று எழுதினேன், அதற்கு மேல் ஒரு வரிகூட நகரவில்லை.

அடுத்த தேர்வுக்கு முன்னால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கத்தரிக்கோலையே கையில் எடுத்தேன். நுனியில் அட்டையை வைத்து அழுத்தினால் அட்டை மடங்கி இரண்டு அலகுக்கும் நடுவே வழுக்குகிறது, விரல்தான் வலிக்கிறது. அதே அட்டையைத் திருகாணி ஒட்டி வைத்தால் சுலபமாக வெட்டுப்படுகிறது, ஆனால் ஒரு அழுத்துக்குக் கொஞ்ச நீளம்தான் வெட்டுகிறது. ஸ்கேல் வைத்து அளந்தேன். திருகாணியிலிருந்து விரல் வளையம் 9 செ.மீ., அட்டை 3 செ.மீ. அப்படியென்றால் நான் கொடுக்கும் விசை அட்டையின் மேல் மூன்று மடங்காக இறங்குகிறது, பதிலுக்கு என் விரல் மூன்று மடங்கு தூரம் நகர வேண்டியிருக்கிறது. இந்தப் பாடத்தில் மற்ற எல்லாமே இதே கணக்குதான். எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் விசை எங்கே மிச்சமாகிறது, அதற்குத் தூரம் எங்கே செலவாகிறது என்று கேளுங்கள், பாதிப் பாடம் முடிந்துவிடும். இயந்திரங்களைக் கொண்டு இயற்கையை ஏமாற்ற முடியாது என்று கலிலியோ 1600 வாக்கிலேயே விளக்கிவிட்டார்.

சாய்தளத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 600 நியூட்டன் எடையுள்ள பெட்டியை 1 மீட்டர் உயரமுள்ள மேடையில் ஏற்ற வேண்டும். நேராகத் தூக்கினால் 600 நியூட்டன் விசை, 1 மீட்டர் தூரம், ஆக 600 ஜூல் வேலை. 3 மீட்டர் பலகையைச் சாய்த்து வைத்துத் தள்ளினால் (உராய்வை விட்டுவிட்டால்) 200 நியூட்டன் போதும், தூரம் 3 மீட்டர், வேலை அதே 600 ஜூல். வேலை குறைந்ததா என்று கேட்டால் இல்லை என்றுதான் எழுத வேண்டும். குறைந்தது விசை மட்டும். நிஜத்தில் உராய்வும் சேர்ந்துகொள்வதால் 600 ஜூலுக்கும் கூடுதலாகவே நாம் வேலை செய்கிறோம், ஆனாலும் உடம்புக்கு அது இலேசாகத் தெரிகிறது, ஏனென்றால் தசையால் ஒரேயடியாகச் செய்ய முடியாத வேலையைக் குறைந்த விசையில் நீண்ட தூரத்துக்குப் பிரித்துச் செய்துவிடுகிறோம். எளிதாக்குவது என்றால் என்ன என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைத்ததில்லை.

கப்பியில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மேலே கட்டிவைத்த ஒற்றை நிலைக்கப்பி விசையைக் குறைப்பதே இல்லை, அதன் இயந்திர லாபம் (பளுவை நாம் கொடுக்கும் விசையால் வகுத்தால் வருவது) 1. அப்புறம் எதற்கு அது? திசையை மாற்றித் தருகிறது. மேல்நோக்கித் தூக்குவதற்குப் பதில் கீழ்நோக்கி இழுக்கிறோம், நம் உடம்பின் எடையும் உதவிக்கு வருகிறது. பளுவோடு சேர்ந்து நகரும் கப்பி வந்தால்தான் விசை பாதியாகும், அப்போது பளு 1 மீட்டர் ஏற 2 மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். கணக்கில் பளுவைத் தாங்கும் கயிற்றுப் பகுதிகளை மட்டும் எண்ணுங்கள், கப்பிகளை எண்ணாதீர்கள்.

நெம்புகோல் வகைகளுக்கு நானே ஒரு குறி வைத்துக்கொண்டேன்: ஆ-ப-வி. ஆதாரம் (நெம்புகோல் எதன் மேல் ஊன்றித் திரும்புகிறதோ அந்தப் புள்ளி), பளு, விசை. நடுவில் ஆதாரம் இருந்தால் முதல் வகை, பளு இருந்தால் இரண்டாம் வகை, விசை இருந்தால் மூன்றாம் வகை. ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் சக்கரம்தான் ஆதாரம், பளு நடுவில், ஆகவே இரண்டாம் வகை. துடைப்பமும் இடுக்கியும் மூன்றாம் வகை. இந்த மூன்றாம் வகையில் விசை மிச்சமாகாது, கூடுதலாகத்தான் செலவாகும், கிடைப்பது வேகமும் தூரமும். நம் முன்கையே அப்படித்தான். மேற்கைத் தசை முழங்கை மூட்டிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளி எலும்பைப் பிடித்திருக்கிறது, உள்ளங்கை சுமார் 35 செ.மீ. தள்ளி இருக்கிறது. கையில் 50 நியூட்டன் எடையைப் பிடித்தால் தசை 350 நியூட்டன் அளவுக்கு இழுத்தாக வேண்டும். எல்லா எளிய இயந்திரமும் விசையைக் குறைக்கும் என்ற வாக்கியம் சரியா தவறா பகுதியில் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

திருகு எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. ஒரு நாள் காகிதத்தைச் செங்கோண முக்கோணமாக வெட்டி, சாய்ந்த விளிம்பில் பேனாவால் தடித்துக் கோடு போட்டு, உயரப் பக்கத்தைப் பென்சிலோடு ஒட்டவைத்துச் சுற்றினேன். சாய்ந்த கோடு பென்சிலைச் சுற்றிச் சுற்றி ஏறி, அச்சு அசலாகத் திருகாணியின் மரையாக நின்றது. சுருட்டி வைத்த சாய்தளம்தான் திருகு என்று அன்றைக்குப் புரிந்தது. திருகு ஜாக்கி கணக்கும் அதோடு சேர்ந்து விளங்கிவிட்டது. 30 செ.மீ. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் கை சுமார் 188 செ.மீ. நகர்கிறது, பளு ஏறுவதோ மரையிடைத் தூரமான 5 மி.மீ. மட்டும். விகிதம் 377 வரை போகிறது. உராய்வில் பாதிக்கு மேல் போய்விடும், ஆனால் அந்த உராய்வு இருப்பதால்தான் கையை எடுத்த பிறகும் பளு இறங்காமல் நிற்கிறது.

தேர்வறையில் முதலில் ஒரு கோடு போட்டு ஆ, ப, வி மூன்றையும் குறித்துவிடுங்கள், படத்துக்கு எப்படியும் மதிப்பெண் உண்டு. கிலோகிராமில் கொடுத்திருந்தால் நியூட்டனுக்கு மாற்ற மறக்காதீர்கள். செ.மீ., மி.மீ. கலந்திருந்தால் ஒன்றாக்குங்கள். இயந்திர லாபத்துக்கு அலகு கிடையாது. பயனுறுதிறன் (நாம் செய்த வேலையில் பளுவுக்குப் போய்ச் சேர்ந்த பங்கு) 100 சதவீதத்தைத் தாண்டி வந்தால் பளுவையும் விசையையும் எங்கோ மாற்றிப் போட்டிருக்கிறீர்கள், திரும்பிப் போய்ப் பாருங்கள்.

சக்கரமும் அச்சும் பற்றி அதிகம் சொல்லவில்லை, அதற்கு ஒரு சோதனை போதும். கைப்பிடி கழன்றுபோன தண்ணீர்க் குழாய் எங்காவது இருந்தால், நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னத் தண்டை மட்டும் இரண்டு விரலால் பிடித்துத் திருகிப் பாருங்கள். அப்புறம் கைப்பிடியை மாட்டித் திருகுங்கள்.