என் பெயரில் எழுதப்பட்ட கடிதம்

2009ஆம் ஆண்டின் இறுதியில் நான் பாரிசுக்கு வந்தபோது, தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதியில் ஒருவர் எனக்குக் கேஸ் எழுதித் தந்தார். தஞ்சம் கோரும் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய வாழ்க்கை வரலாற்றைத்தான் நம்மவர்கள் அப்படிச் சொல்வார்கள். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் பிரெஞ்சில் எழுதிக்கொண்டே போனார். கையெழுத்து மட்டும் என்னுடையது. மொழி ஓரளவு பிடிபட்ட பிறகு அதன் பிரதியை எடுத்து வாசித்தேன். நான் அழாத இடத்தில் அழுதிருந்தேன். அண்ணனைப் பற்றிச் சொன்னதில் பாதியைக் காணவில்லை.

அக்காலத்தில் உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை செய்த மாலி நாட்டு நண்பர், சோர்போன் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் உள்ள சிறிய திரையரங்கு ஒன்றுக்கு ஒரு ஞாயிறு மாலை அழைத்துப் போனார். மார்செய் துறைமுகத்தில் சுமை தூக்கிப் பிழைத்து, பின்னர் எழுத்தாளரும் இயக்குநருமான செனகல் நாட்டவர் உஸ்மான் செம்பேன் 1966இல் எடுத்த 'லா நுவார் து...' படத்தை அன்றுதான் பார்த்தேன். செனகல் தலைநகர் டக்காரில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட டியுவானா, அவர்களோடு பிரான்சின் தென்கரையிலுள்ள அந்தீபுக்கு வந்து, சமையலறைக்குள்ளேயே முடங்கிப்போகிறாள். ஒரு நாள் தாயிடமிருந்து கடிதம் வருகிறது. அதை அவளுக்கு வாசித்துக் காட்டும் வீட்டுக்காரர், அவள் ஒரு சொல்லும் சொல்லாதபோதே, அவள் பெயரில் பதில் எழுதத் தொடங்கிவிடுகிறார். அவள் கடிதத்தைக் கிழித்தெறிகிறாள். இருட்டில் அமர்ந்திருந்த எனக்கு லாச்சப்பல் மேசையும் அந்தப் பேனாவும் கண்முன் வந்து நின்றன.

பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட கரீபியத் தீவான மார்த்தினிக்கில் பிறந்த மனநல மருத்துவரும் எழுத்தாளருமான ஃபிரான்ஸ் ஃபனோன், 1952இல் வெளியான 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' நூலை மொழியைப் பற்றிய அத்தியாயத்தோடுதான் தொடங்குகிறார். ஒரு மொழியைப் பேசுவது அதன் உலகையும் பண்பாட்டையும் சுமப்பதாகும் என்ற அவருடைய வாதத்தை, காலனியாட்சி விட்டுச்சென்ற தாக்கங்களை ஆராயும் பின்காலனியக் கோட்பாடு என்ற பெயரை அறியுமுன்பே இந்தப் படத்தில் கண்டுகொண்டேன். டியுவானா வாய்திறந்து பேசுவது மிகக் குறைவு. அவளுடைய மனக்குரலே கதையை நடத்துகிறது, அதுவும் பிரெஞ்சில். அவளாக நடித்தவர் செனகலின் ம்பிசின் தெரேஸ் தியோப். அவளுக்குக் குரல் தந்தவர் ஹெய்ட்டியைச் சேர்ந்த தோத்தோ பிசாந்த். தன் நினைப்பையே எசமானர்களின் மொழியில் நினைக்க வேண்டியிருந்த அந்தப் பெண்ணுக்காக நான் மிகவும் வருந்தினேன். செம்பேன் தம் அடுத்த படமான 'மந்தாபி'யை, 1968இல், செனகலில் பேசப்படும் வோலோப் மொழியில் எடுத்தார்.

இதற்கெல்லாம் பின்னால் ஒரு சட்டமும் இருந்தது. பிரெஞ்சு ஆப்பிரிக்கக் காலனிகளில் அனுமதியின்றிப் படம் எடுக்க 1934ஆம் ஆண்டின் லவால் ஆணை தடை விதித்தது. அதனால்தான் ஆப்பிரிக்கத் திரைப்பட முன்னோடியான போலின் வியேராவும் அவருடைய நண்பர்களும் 1955இல், தம் மண்ணைப் படமாக்க வழியின்றி, பாரிசில் வாழும் ஆப்பிரிக்கர்களைப் படமாக்கினார்கள்.

2015இல் பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஒதியாரின் 'தீபன்', பாரிஸ் புறநகரில் குடியேறும் ஈழத்து அகதிகளின் கதை, கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருதை வென்றபோது, அதைப் பார்க்க அதே நண்பரை நான் அழைத்துப் போனேன். தாமும் அகதியாக இங்கு வந்த எழுத்தாளர் ஷோபாசக்தி நாயகனாக நடித்த அந்தப் படத்தில், பிரெஞ்சுப் பார்வையாளர்கள் கீழே ஓடும் வரிகளை வாசிக்க, நான் மட்டும் காதால் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நிறைவை இன்றும் மறக்கவில்லை. ஆனால் இறுதிப் பகுதியில், புறநகர் அடுக்குமாடியின் இளைஞர்கள் வெறும் ஆபத்தாகவே சுருங்கிப்போகிறார்கள் என்று எனக்குப் பட்டது. ஒரு குடியேறியை மனிதனாக்க மற்றக் குடியேறியின் முகத்தைப் பறிப்பது பழைய காலனியப் பார்வையின் மிச்சமே. வெளியே வந்ததும் நண்பர், "உன் ஆட்களுக்குப் பெயர் இருந்தது," என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

இப்போது என்னிடமும் சிலர் கேஸ் எழுதித் தரக் கேட்டு வருகிறார்கள். கடந்த மாதம் வந்த தம்பி ஒருவரிடம், முதலில் தமிழில் தன் கையாலேயே எழுதச் சொன்னேன். மூன்று மணிநேரம் எடுத்து நான்கு பக்கம் எழுதினார். நான் பிரெஞ்சில் ஆக்கிய ஒவ்வொரு வரியையும் திரும்பத் தமிழில் சொல்லிக் காட்டினேன். இரண்டு இடங்களில் அவர் என்னை நிறுத்தி, "இல்லை அண்ணை, அப்படி இல்லை," என்றார்.