‘ரேமை அழிப்பானால் தேயுங்கள்’

என் வேலை புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது. சென்னை புத்தகக் கண்காட்சி ஜனவரியில் என்றால் எங்களுக்கு அது நவம்பரிலேயே தொடங்கிவிடும். எல்லாப் பதிப்பாளருக்கும் எல்லாப் புத்தகமும் ஒரே நேரத்தில் வேண்டும். அந்த நெருக்கடியில்தான் அலுவலகக் கணினி தானாக அணைந்து தானாக எழத் தொடங்கியது. விண்டோஸ் பிழையில் விழும்போது வரும் நீலத்திரை இல்லை, எச்சரிக்கை இல்லை. திருத்திக்கொண்டிருக்கும் பக்கம் கண்ணெதிரே கறுத்துப்போகும். சற்று நேரத்தில் மதர்போர்டு நிறுவனத்தின் முத்திரை திரையில் வந்து நிற்கும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் பெரும்பாலும் கோப்பை மீட்டுத் தந்துவிடும். ஆனால் கடைசித் திருத்தங்களில் எவை சேர்ந்தன, எவை போயின என்று தெரியாது. மெய்ப்புத் தாளை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக மறுபடி ஒப்பிட வேண்டும். கணினி அணைந்ததைவிட இந்த ஒப்பிடும் வேலைதான் உயிரை எடுத்தது.

இணையத்தில் தமிழ்க் குழுக்களிலும் ஆங்கிலக் குழுக்களிலும் கேட்டேன். கேள்வியை முழுதாகப் படித்திருக்க முடியாத வேகத்தில் முதல் பதில் வந்தது: ‘ரேமைக் கழற்றி அழிப்பானால் தேயுங்கள்.’ இந்த வைத்தியத்தில் உண்மை இல்லாமலில்லை. கணினியின் தற்காலிக நினைவகமான ரேமின் பொன்முலாம் பூசிய பற்களில் அழுக்குப் படிந்தால் இணைப்புக் கெடும், தேய்த்தால் சரியாகும். என் கணினிக்கு அதுதான் நோயா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. தேய்த்தேன். அடுத்தவர் விண்டோஸின் கோப்புகளைச் சரிபார்க்கும் கட்டளையை ஓட்டச் சொன்னார். ஓட்டினேன், கோப்புகள் நலம். அதற்கடுத்தவர் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவச் சொன்னார். லினக்ஸுக்கு மாறச் சொன்னவரும் உண்டு. பக்க வடிவமைப்பு மென்பொருள் அதில் ஓடாதே என்றால், ‘அது உங்கள் பிரச்சினை’ என்றார். தமிழ் எழுத்துருக்களை நிறைய ஏற்றிவைத்தால் இப்படித்தான் ஆகும் என்று ஒருவர் அடித்துச் சொன்னதைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை.

ஆங்கிலக் குழு ஒன்றில் என் கேள்வியை ‘ஏற்கெனவே கேட்கப்பட்டது’ என்று மூடிவிட்டு, பழைய கேள்வி ஒன்றைக் காட்டினார்கள். போய்ப் பார்த்தேன். அதே அறிகுறிகள், அதே புலம்பல். கடைசியில் கேட்டவரே வந்து எழுதியிருந்தார்: ‘சரியாகிவிட்டது, நன்றி.’ எப்படிச் சரியானது என்று ஒரு வார்த்தை இல்லை. தவறான யோசனை சொன்னவர்கள்மீது வராத கோபம் இந்த மனிதர்மீது வந்தது. அவருக்குக் கீழே வரிசையாக ‘எனக்கும் இதே பிரச்சினை’, ‘தீர்வு கிடைத்ததா?’ என்று எத்தனையோ பேர் காத்துக் கிடந்தார்கள்.

இதற்கிடையில் கணினியில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவு. இதைக் கண்டதும் பலர் நோய் தெரிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது சொல்வது, முந்தைய முறை கணினி ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே. அதன் உள்ளே ‘பக்செக் கோடு’ என்று ஓர் எண் இருக்கும். நீலத்திரை வந்து விழுந்திருந்தால் அந்தப் பிழையின் எண் பெரும்பாலும் அங்கே பதிவாகும். எனக்கு அது எப்போதும் 0. அதாவது, என்ன நடந்தது என்று எழுதிவைக்கக்கூட விண்டோஸுக்கு அவகாசம் இல்லை. மென்பொருளைவிட மின்சாரத்தைச் சந்தேகிக்க இது போதுமான காரணம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 இரவு முழுக்க ஓடி, பிழை ஒன்றும் காட்டவில்லை. இரவில் கணினி ஒருமுறைகூட அணையவும் இல்லை.

இதையெல்லாம் மறுபடி குழுவில் போட்டேன். அப்போதுதான் புனைபெயரில் இருந்த ஒருவர் ஒரே வரியில் கேட்டார்: ‘பகலில் எந்தெந்த நேரத்தில் அணைகிறது?’ அதுவரை வந்தவை எல்லாம் பதில்கள். இது ஒன்றுதான் கேள்வி. பதிவுகளில் இருந்த நேரங்களை ஒரு தாளில் எடுத்து எழுதினேன். காலை பத்தரையை ஒட்டிச் சில, மாலை நான்கு மணியை ஒட்டிச் சில, இடையில் அநேகமாக ஒன்றுமில்லை. தாளைப் பார்த்த எங்கள் கணக்குப்பிள்ளை சாதாரணமாகச் சொன்னார்: “வாட்ச்மேன் தண்ணீர் மோட்டார் போடும் நேரம், சார்.”

மோட்டார் கிளம்பும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். கட்டடத்தின் வயரிங் பழசு என்பதால் மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்துவிடும். குண்டு பல்பு காலமாக இருந்தால் வெளிச்சம் மங்குவதைக் கண்டிருப்போம். எல்இடி விளக்குகள் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. அந்தக் கணத்தைத் தாங்கத்தானே யூபிஎஸ்? அதில் பச்சை விளக்கு அழகாக எரிந்துகொண்டுதான் இருந்தது.

யூபிஎஸ் மெக்கானிக் வந்தார். கணினியைக் கழற்றிவிட்டு, யூபிஎஸ்ஸில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டி, சுவரிலிருந்த பிளக்கை உருவினார். பல்பு உடனே அணைந்தது. உள்ளே இருந்த 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈயபேட்டரியைச் சுமையில்லாமல் மீட்டரில் பார்த்தால் 12-க்கு மேல் காட்டியது. பல்பின் சுமையை ஏற்றியதும் எண் மளமளவென்று 8-க்குக் கீழே இறங்கியது. வெயில் ஏறும் அறையில் இந்த பேட்டரிகள் இரண்டு மூன்று ஆண்டுகளே தாங்கும் என்றார். மின்னழுத்தம் சரிந்ததும் யூபிஎஸ் செத்த பேட்டரிக்கு மாறியிருக்கிறது, அது கைவிட்டிருக்கிறது. கணினியின் பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் தன்னிடம் தேங்கிய மின்சாரத்தில் ஏறக்குறைய 16 மில்லி நொடிதான் தாக்குப்பிடிக்கும். அதாவது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்றுக்குக்கூட அது போதாது. புது பேட்டரி ஆயிரம் ரூபாயை ஒட்டி ஆனது. மறுநாள் மோட்டார் ஓடியது, கணினியும் ஓடியது.

நடந்ததை முழுவதும், பல்புச் சோதனை உட்பட, குழுவில் எழுதினேன். நிர்வாகி அதையும் மூடினார்: இது யூபிஎஸ் பிரச்சினை, கணினிப் பிரச்சினை அல்ல, ஆகவே குழுவின் வரம்புக்குள் வராதாம். சரி என்று, அந்தப் பழைய கேள்வியின் கீழே காத்திருந்தவர்களுக்குத் தனித்தனியாக அனுப்பினேன். பலர் படித்ததாகக்கூடத் தெரியவில்லை. ஒருவர் மட்டும் எழுதினார்: அவர்கள் கட்டடத்தில் மோட்டார் இரவில்தான் ஓடுகிறதாம், ஆனால் கீழ்த்தளத்தில் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறதாம். நேரங்களைக் குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.