பெரிய சார் ஆயாம்மாவை என்ன சொல்லிக் கூப்பிடுறாரு?

மத்தியானச் சாப்பாடு முடிந்து, பெல் அடிக்க இன்னும் 10 நிமிஷம் இருக்கும்போது, ஒண்ணாப்பு ரெண்டாப்புப் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் டீச்சர் விளையாட்டு விளையாடும். கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். டீச்சராக நிற்கும் பிள்ளையின் கையில் குச்சி இருக்கிறதா? ‘ஏலே, எந்திலே’ என்கிறதா, பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறதா? ‘போயி தண்ணி எடுத்துட்டு வா’ என்று யாரை அனுப்புகிறது? அந்தப் பள்ளிக்கூடத்தில் உண்மையிலேயே என்ன பாடம் நடக்கிறது என்று தெரிய இதைவிட நேர்மையான ஆய்வறிக்கை எந்த அதிகாரியாலும் எழுத முடியாது.

‘ஆசிரியர் முன்மாதிரியாக இருக்க வேண்டும்’ என்று செப்டம்பர் 5 தோறும் மேடையில் பேசுகிறோம். பிள்ளையின் கண்ணோ ஆசிரியரோடு நிற்பதில்லை. வாசலில் வாட்ச்மேன், காலை உணவு ஆக்குகிற மகளிர் குழு அக்கா, சத்துணவு அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர், விடியற்காலையில் வந்து கக்கூஸ் கழுவிவிட்டுப் போகிற தூய்மைப் பணியாளர், ஆபீஸ் கிளார்க், பி.டி. சார், வேன் டிரைவர் என்று எல்லாரையும் பார்க்கிறது. இவர்கள் ஒருத்தரை ஒருத்தர் எப்படி நடத்துகிறார்கள் என்பதைத்தான் மிகக் கூர்மையாகப் பார்க்கிறது.

உளவியலில் இதற்குப் பழைய சான்று உண்டு. 1961-இல் ஆல்பர்ட் பண்டூராவும் அவரோடு இருந்தவர்களும் ஸ்டான்ஃபோர்டில் செய்த சோதனையில், பெரியவர் ஒரு பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள், பார்க்காத குழந்தைகளைவிட அதிகமாக அந்தப் பொம்மையை அடித்தன. 1965-இல் வந்த அடுத்த சோதனைதான் நமக்கு அதிகம் வேண்டியது. அடித்தவருக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்த்த குழந்தைகள் அவ்வளவாக அடிக்கவில்லை. ஆனால் ‘செய்து காட்டினால் பரிசு’ என்றதும் அவையும் மற்றக் குழந்தைகள் அளவுக்கே செய்து காட்டின. அதாவது பாடம் உள்ளே இறங்கிவிட்டது, வெளியே காட்டாமல் வைத்திருந்தன. வகுப்பில் பூனை மாதிரி இருக்கும் பையன் தெருவில் தம்பியை ஏன் அந்தச் சாத்து சாத்துகிறான் என்று குழம்புகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

நெல்லைச் சீமையில் முதல் பாடம் கூப்பிடுகிற சொல்தான். ‘ஏலே’ என்பது இங்கே கொஞ்சலும் ஆகும், குத்தலும் ஆகும். எது என்பதைக் குரலும், யார் யாரிடம் சொல்கிறார் என்பதும் முடிவு செய்யும். ஏழு வயசுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் அத்துப்படி. 55 வயது தூய்மைப் பணியாளரை 30 வயது சார் ‘நீ, வா, போ’ என்றால் பிள்ளை இரண்டு விஷயம் படித்துக்கொள்கிறது: வயசுக்கு மரியாதை எல்லாருக்கும் கிடையாது என்பது ஒன்று, யாருக்குக் கிடையாது என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் இந்த மாவட்டத்தில் ஆபத்தான பாடம்.

சரிசெய்யும் விதி ஒரு வரிதான். பள்ளிக் காம்பவுண்டுக்குள் பெரியவர்கள் எல்லாரும் எல்லாரையும் ‘நீங்க’ என்றுதான் பேச வேண்டும். பேரோடு அக்கா, அம்மா, அண்ணாச்சி, எது பொருந்துமோ அது. ஆசிரியர் பெயர்ப்பலகையில் சமையல் உதவியாளர், தூய்மைப் பணியாளர் பெயரும் அதே அளவு எழுத்தில் இருக்கட்டும். பல பள்ளிகளில் அஞ்சு வருஷம் படித்த பிள்ளைக்கே அந்த அம்மாவின் பேர் தெரியாது. இதில் எங்கே சறுக்கும் என்றால், முதல் வாரம் அந்த அம்மாவே கூச்சப்பட்டு, ‘என்னயப் போயி எதுக்கு சார் நீங்கன்னு கூப்பிடுதிய’ என்பார். அதைச் சாக்காக வைத்துப் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடுவார்கள். மூன்று வாரம் தாங்கினால் காதுக்குப் பழகிவிடும். பிள்ளைகளைக் கூப்பிடுவதிலும் இதே கணக்கு: நிறம், உடம்பு, அப்பா தொழில் எதுவும் பட்டப்பெயராக வரக்கூடாது. ஆசிரியர் ஒரு தடவை வேடிக்கையாகச் சொன்ன பட்டப்பெயர் பத்தாம் வகுப்பு வரை அந்தப் பையனைத் துரத்தும்.

அடுத்தது பந்தி. காமராஜர் காலத்து மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் வயிற்றை மட்டும் நிரப்பவில்லை. தெருவில் சேர்ந்து உட்காராதவர்களின் பிள்ளைகளை ஒரே வரிசையில் உட்கார வைத்தன. பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவராவது ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. நடப்பில் கிண்ணத்தில் கொஞ்சம் எச்.எம். ரூமுக்குப் போகும், பதிவேட்டில் கையெழுத்து விழும், கிண்ணம் அப்படியே திரும்பி வரும். இதைப் பார்க்கிற பிள்ளைக்கு, இது நமக்கான சாப்பாடு, சாருக்கான சாப்பாடு இல்லை என்று புரிந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக ஒரு நாளைக்கு ஓர் ஆசிரியர் என்று முறை வைத்து, பிள்ளைகளின் தட்டு மாதிரியே ஒரு தட்டில், பந்தியில் தரையிலேயே உட்கார்ந்து, இரண்டு கரண்டியாவது எல்லார் கண்ணிலும் படும்படி சாப்பிடட்டும். முடிந்ததும் தட்டைத் தானே கழுவ வேண்டும். சமைத்தவரின் சாதியைச் சொல்லி ‘சாப்பிட மாட்டேன்’ என்று ஒரு பிள்ளை வீட்டுப் பேச்சைக் கொண்டுவந்தால், அறிவுரையைவிட இந்த இரண்டு கரண்டி வேகமாக வேலை செய்யும். தட்டை மாணவியிடம் கழுவக் கொடுத்தால் செய்தது அத்தனையும் வீண்.

கை கழுவலும் அங்கேயேதான். சோப்பை வெங்காய வலைப்பையில் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டால் கரையாது, காணாமலும் போகாது. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்க்க வேண்டும், நகக்கண்ணும் கட்டைவிரலும்தான் எப்போதும் விட்டுப்போகும். பிள்ளைகளுக்குப் போஸ்டர் ஒட்டிவிட்டு ஆசிரியர் ஸ்டாஃப் ரூம் வாஷ்பேசினில் விரலை நனைத்துவிட்டு வந்தால் போஸ்டர் சுவரோடு நிற்கும். தண்ணீர் டிரம்முக்கும் இது பொருந்தும். ஆசிரியருக்குத் தனி டம்ளர் வைத்திருப்பதைப் பிள்ளை தன் தெரு டீக்கடையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடும்.

சாதி அடையாளமாகக் கையில் கட்டும் கயிறு விவகாரத்துக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய பிறகு, தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அறிக்கை கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றியில் அடையாளம் எதுவும் மாணவர்களுக்குக் கூடாது என்று பரிந்துரைத்தது. மாணவன் கயிற்றை அறுக்கச் சொல்வது சுலபம். சொல்கிற சாரின் பைக் நம்பர் பிளேட்டில் சாதிப் பட்டமும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தலைவர் ஜெயந்தி வாழ்த்தும், கையில் அதே நிறக் கயிறும் இருந்தால் பையன் கயிற்றைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வான், கேட் தாண்டியதும் கட்டிக்கொள்வான். ஆகவே வரிசையை மாற்றுங்கள். ஜூன் முதல் வாரம் பெரியவர்களின் கை, வண்டி, போன் சுத்தமாகட்டும். மாணவர்களிடம் இரண்டாவது வாரம் பேசலாம். இன்னொன்று, உதவித்தொகைப் படிவத்துக்காக ‘எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்க’ என்று வகுப்பில் குரல் கொடுப்பது. விவரம் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் இருக்கிறது. பட்டியலை எடுத்து, வேண்டிய பிள்ளையைப் பேர் சொல்லித் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க ஒரு நிமிஷம் கூட ஆகாது.

புகையிலையில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள், அதாவது ஏறக்குறைய 91 மீட்டருக்குள், விற்கக்கூடாது என்பது 2003 சட்டம். ஆனால் முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ பிள்ளையின் அம்மா மடியில் தட்டு வைத்து பீடி சுற்றித்தான் நோட்டு வாங்கித் தந்திருப்பார். ‘பீடி அசிங்கம்’ என்றால் பிள்ளை காதில் ‘உன் அம்மா அசிங்கம்’ என்று விழும். பீடி குடிப்பதைப் பற்றிப் பேசுங்கள், சுற்றுகிற கையைப் பற்றி வேண்டாம். பாக்குப் பொட்டலத்தோடு வரும் வேன் டிரைவரிடம் பிள்ளைகள் முன்னால் கத்தாமல் தனியாகச் சொல்லுங்கள்.

குச்சி. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. ‘அடியாத மாடு படியாது’ என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளை மாடு இல்லை என்பதோடு அதை விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது வகுப்பு லீடரை. சார் வெளியே போனதும் கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ என்று பட்டியல் எழுதும் லீடர், ஆசிரியரின் நகல். வேண்டாதவன் பேருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி கூடிக்கொண்டே போகும், மிட்டாய் கொடுத்தவன் பேர் அழியும். லஞ்சமும் அதிகாரமும் ஒன்பது வயதில் பழகும் இடம் அது. லீடர் பதவியை வருகைப் பதிவேட்டு வரிசையில் வாராவாரம் மாற்றுங்கள். பட்டியல் எழுதும் வேலையை எடுத்துவிட்டு, சாக்பீஸ், சன்னல், விளக்கு, குப்பைக்கூடை என்று பொறுப்பு கொடுங்கள். பெருக்குவதற்கும் அதே வரிசை, ஆசிரியரும் சேர்த்து. இல்லாவிட்டால் துடைப்பம் பெண் பிள்ளைகளிடமும், இன்னார் வீட்டுப் பிள்ளைகளிடமுமே போய்ச் சேரும்.

போன் விஷயத்தில் ஆசிரியர் மேல் மட்டும் பழி போட முடியாது. வருகைப் பதிவே செயலியில்தான். ஆனால் பிள்ளைக்கு அது தெரியாது. ‘வருகை போடுதேன்’ என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, முடித்ததும் அலமாரியில் வைத்தால் போதும். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்கில் வைத்து ஓட்டி, வண்ணாரப்பேட்டைப் பக்கம் போலீஸைக் கண்டதும் மாட்டுகிறவர்கள் பின்சீட்டில் பிள்ளை இருப்பதை நினைக்க வேண்டும்.

தவறு நடக்கும். நடந்தால் மன்னிப்புக் கேட்கும் முறை: எந்த வகுப்பின் முன் திட்டினீர்களோ அந்த வகுப்பின் முன், அன்றைக்கே. என்ன தப்புச் செய்தீர்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். ‘ஆனா நீயும்…’ என்ற வார்த்தை வந்தால் மன்னிப்பு செத்தது. தனியாகக் கூப்பிட்டுச் சாக்லேட் கொடுப்பதும் உதவாது, அவமானம் பொதுவில் நடந்ததல்லவா?

இதையெல்லாம் எடுத்துச் செய்ய ஒரு கூட்டம் வேண்டும். மாலை 4 மணிக்கு மேல் வைத்தால் தூய்மைப் பணியாளர் காலையிலேயே போயிருப்பார், சமையல் ஆட்களும் கிளம்பியிருப்பார்கள். கடைசியில் ஆசிரியர்கள் ஆசிரியர்களிடம் பேசிக்கொள்வார்கள். பாத்திரம் கழுவி முடிகிற இரண்டரை மணிக்கு, 20 நிமிஷம் போதும். காலையில் போகிறவரை அன்று மட்டும் அந்த நேரத்துக்கு வரச்சொல்லி, அதற்கான பஸ் காசைப் பள்ளி கொடுக்கட்டும். எடுத்துக்கொள்வது இரண்டே பழக்கம், அரையாண்டுப் பரீட்சை வரை அவைதாம். பத்து எடுத்தால் பத்தும் ஆடிக் காற்றில் போகும். கூட்டத்துக்கு ஆள் எண்ணி நாற்காலி போடுங்கள். சமையல் உதவியாளர் கதவோரம் நின்றுகொண்டிருந்தால் அவர் உட்காரும் வரை பேச்சைத் தொடங்காதீர்கள். சன்னலுக்கு வெளியே இரண்டு பிள்ளைகளாவது எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.