தொந்தியில்லாத நத்தார் பாப்பா

1992 மார்கழி. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. கல்லூரியின் கிறிஸ்மஸ் ஒளிவிழாவைப் பகல் வெளிச்சத்திலேயே முடித்துவிடுவது என்று தீர்மானித்திருந்தார்கள். நான் ஏழாம் ஆண்டு மாணவன்.

நத்தார் பாப்பாவுக்கு, அதாவது சாண்டா கிளாஸுக்கு, சிவப்பு அங்கி கிடைத்துவிட்டது. பழைய மேடைத் திரையின் ஒரு துண்டுதான். தாடிதான் சிக்கல். மருந்துக்கடைப் பஞ்சை வேடத்துக்குக் கேட்க அந்த நாட்களில் எவருக்கும் மனம் வரவில்லை. விடுதியிலிருந்து ஒரு தலையணை வந்தது. அதை அப்படியே அங்கிக்குள் திணித்தால் தொந்தி, கிழித்தால் தாடி. இரண்டுக்கும் ஒரே தலையணை. தாடி வென்றது. வேடம் போட்டவரோ எங்கள் கணித ஆசிரியர், கமுகுபோல ஒல்லியானவர். சைக்கிள் காரியரில் வந்து இறங்கி, ஆளுக்கொரு தோடம்பழ இனிப்புத் தந்தார். தும்மும்போதெல்லாம் இலவம்பஞ்சு பறந்தது.

“இது நத்தார் பாப்பா இல்லை. தொந்தி எங்கே?” என்று நான் பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டது அவர் காதில் விழுந்துவிட்டது. மறுநாள் கணித பாடம் தொடங்கியதும், “நேற்று தொந்தி கேட்டவர் கரும்பலகைக்கு வாரும்” என்றார். கணக்குப் பிழைத்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பல ஆண்டுகள் கழித்து, நெதர்லாந்தில் ஒரு நவம்பர் நடுப்பகுதியில், மகளைத் தோளில் வைத்துக்கொண்டு துறைமுகக் கூட்டத்தில் நின்றேன். ஸ்பெயினிலிருந்து வருவதாகச் சொல்லப்படும் நீராவிக் கப்பலிலிருந்து, அந்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவரும் சின்டர்கிளாஸ் இறங்கினார். தலையில் கிறிஸ்தவ ஆயர்களின், அதாவது பிஷப்மாரின், உயர்ந்த முடி, கையில் வளைந்த செங்கோல், ஏறுவதற்கு வெள்ளைக் குதிரை. நெட்டையாக, ஒல்லியாக இருந்தார். தொந்தி இல்லை! எனக்கு உடனே ஞாபகம் வந்தவர் எங்கள் கணித ஆசிரியர்.

அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். இவர் நான்காம் நூற்றாண்டில் மைராவில் ஆயராக இருந்த புனித நிக்கலஸ். மைரா இன்றைய துருக்கியின் தெம்ரே நகரம். வட துருவமும் பனிக்கட்டியும் அவருக்குத் தெரிந்திருக்காது. அது மத்தியதரைக் கடலோர ஊர். அவரைப் பற்றிய கதைகளில் நிலைத்தது சீதனக் கதை. ஏழைத் தகப்பன் ஒருவனுக்கு மூன்று பெண்கள், சீதனம் இல்லை, அவர்களை விற்கும் நிலைக்கு வந்துவிட்டான். நிக்கலஸ் இரவில் யாருக்கும் தெரியாமல் யன்னல் வழியாகப் பொன் முடிச்சை எறிந்தார், ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒன்றாக. இதை முதலில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. நான்கு அக்காமாரோடு பிறந்தவனுக்கு இந்தக் கதைக்கு விளக்கவுரை தேவையில்லை.

1087இல் பாரி நகர மாலுமிகள் அவருடைய எலும்புகளை மைராவிலிருந்து இத்தாலிக்குக் கொண்டுபோனார்கள். பாரி பின்னர் நீண்ட காலம் ஸ்பானிய முடியின் கீழ் இருந்தது. சின்டர்கிளாஸ் ஸ்பெயினிலிருந்து வருவதற்கு அதைக் காரணமாகச் சொல்வார்கள். டிசம்பர் 6 அவருடைய திருநாள். இங்கே முந்திய நாள் மாலையில்தான் பரிசு. அதற்கு முன்பே பிள்ளைகள் குதிரைக்கென்று சப்பாத்துக்குள் கரட் வைத்துவிட்டுத் தூங்குவார்கள். காலையில் கரட் இருந்த இடத்தில் இனிப்போ மாண்டரின் தோடம்பழமோ இருக்கும். அந்த மஞ்சள் பழம் பழைய பொன் முடிச்சின் நினைவு என்பார்கள். எங்கள் ஆசிரியர் தந்ததும் தோடம்பழ இனிப்புத்தானே!

புரட்டஸ்தாந்தச் சீர்திருத்தம் வந்தபோது புனிதர் வழிபாடு கூடாது என்று சில நெதர்லாந்து நகர சபைகள் இந்தத் திருநாள் விற்பனைகளைத் தடைசெய்து பார்த்தன. வீடுகளுக்குள் அது சாகவில்லை. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தரும் அந்தச் சீர்திருத்தச் சபையார்தான். ‘கந்தோர்’ (அலுவலகம்), ‘கக்கூசு’ என்ற சொற்களைத் தந்துவிட்டுப் போனவர்கள் சின்டர்கிளாஸை மட்டும் தரவில்லை. ‘நத்தார்’ என்ற சொல்லோ அவர்களுக்கு முன்பே போர்த்துக்கேயரின் ‘நத்தால்’ வழியாக வந்துவிட்டது.

எல்லாம் இனிப்பல்ல. சின்டர்கிளாஸுக்குக் கறுப்பு நிறப் பணியாளன் ஒருவன் உண்டு. 1850இல் வந்த ஒரு சிறுவர் நூல் அவனையும் நீராவிக் கப்பலையும் நிலைபெறச் செய்தது. வெள்ளைக்காரர் முகத்தில் கறுப்புப் பூசி அந்த வேடம் போடுவார்கள். ஒரு நாள் மகள் பள்ளியிலிருந்து வந்து, “அப்பா, நான் பூசத் தேவையில்லையாம்” என்றாள். சொன்ன பிள்ளை கெட்ட பிள்ளை இல்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2019இல் தொலைக்காட்சியில் காட்டப்படும் தேசிய வரவேற்பில் அந்தப் பூச்சை நிறுத்தி, புகைபோக்கிக் கரி தீற்றிய முகங்களாக மாற்றினார்கள். ‘மரபு’ என்று வாதாடியவர்களோடு நான் இன்றும் உடன்படவில்லை.

சரி, தொந்தி எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து. நியூயோர்க் முன்னர் ஒல்லாந்தரின் குடியேற்றம். 1809இல் வாஷிங்டன் இர்விங் அந்நகரைக் கேலி செய்து ஒரு வரலாறு எழுதினார்; அதன் 1812ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பில் நிக்கலஸை ஆகாயத்தில் வண்டியோட்ட வைத்தார். 1823 டிசம்பரில் ட்ரோய் நகரப் பத்திரிகையில் பெயரில்லாமல் வெளிவந்த ஒரு கவிதை அவருக்கு எட்டுப் பனிமான்களையும், சிரித்தால் குலுங்கும் வயிற்றையும் கொடுத்தது. ஆயர் முடி போய்விட்டது. 1863 முதல் தோமஸ் நாஸ்ட் வரைந்த படங்கள் அந்த உருவத்தைப் பருமனாக்கின. 1931இல் தொடங்கிய கொக்கா கோலா விளம்பரங்கள் அதை உலகமெங்கும் கொண்டுபோயின. சிவப்பு உடையைக் கண்டுபிடித்தது அந்த நிறுவனம்தான் என்று பலர் சொல்வது தவறு, அதற்கு முன்பே அது இருந்தது. இங்கிலாந்தின் கிறிஸ்மஸ் தாத்தா வேறொரு வழியில் வந்தவர்; விருந்துக்கும் கூத்துக்கும் உருவமாக இருந்தவர், பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கும் பழக்கம் அவருக்குப் பிந்தித்தான் வந்தது. காலப்போக்கில் இருவரும் ஒருவராகிவிட்டார்கள்.

எங்கள் ஆசிரியர் ஓய்வு பெற்று ஊரில்தான் இருக்கிறார். போன நத்தாருக்குத் தொலைபேசியில் இவ்வளவையும் ஒரே மூச்சில் அவருக்குச் சொன்னேன். அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

“அப்படியென்றால், தம்பி, அன்றைக்கும் உம்முடைய கணக்குத்தான் பிழை” என்றார்.