துப்பாக்கி வாங்கும் வயதா, கையில் எடுக்கும் வயதா?

தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், புதுச்சேரியில் 18 போதும். கடலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 19 வயதுப் பையன் டாஸ்மாக் வாசலில் யாரிடமும் கெஞ்சுவதில்லை, புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடை செக்போஸ்டைத் தாண்டிவிடுகிறான். பக்கத்து ஊரில் வயது குறைவாக இருந்தால் வரம்பு எந்த லட்சணத்தில் நிற்கும் என்பதற்கு அந்த செக்போஸ்டே சாட்சி.

துப்பாக்கிக்கு அந்த வழி கிடையாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் மத்திய அரசின் சட்டம், புதுச்சேரியின் பாகூரானாலும் கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டியானாலும் ஒரே வயதுதான். முதலில் 16 என்று இருந்ததை 1983 திருத்தத்தில் 21 ஆக்கினார்கள்.

அமெரிக்காவில் இது இன்னும் தீராத வழக்கு. 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்ற கடைக்காரர் கைத்துப்பாக்கியை 21 வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது, ரைபிளை 18 வயதிலேயே விற்கலாம். 2018 பிப்ரவரியில் புளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் சுட்டவனுக்கு வயது 19, ரைபிளை முறைப்படி கடையில் வாங்கியிருந்தான். மறு மாதமே புளோரிடா எல்லாத் துப்பாக்கிக்கும் 21 என்று உயர்த்தியது. 2022இல் டெக்சாஸின் யுவால்டியில் சுட்டவன், 18 நிறைந்த சில நாட்களில் இரண்டு ரைபிள் வாங்கியவன். அதன்பின் மத்தியில் வந்த சட்டம் வயதைத் தொடவில்லை. 21க்குக் கீழ் உள்ளவர் வாங்க வந்தால் சிறார் பருவப் பதிவுகளையும் பார்க்கலாம், சந்தேகம் இருந்தால் 10 வேலை நாள் வரை நிறுத்தி வைக்கலாம் என்றதோடு நின்றது.

வயதை உயர்த்துவது சரிதான். ஆனால் கடையில் வாங்குவதற்கு மட்டும் வயது வைத்தால் பாதி வேலைதான் ஆகிறது. புளோரிடா சட்டம் 20 வயதுப் பையன் வாங்குவதைத் தடுக்கிறது, அப்பா வாங்கி அவனுக்குப் பரிசாகக் கொடுப்பதைத் தடுக்கவில்லை. 2012இல் கனெக்டிகட்டின் சாண்டி ஹூக் பள்ளியில் சுட்டவனுக்கு வயது 20. அவன் எடுத்துப் போனது அம்மா சட்டப்படி வாங்கி வீட்டில் வைத்திருந்த துப்பாக்கிகளை. கடையில் 21 என்று எழுதிப் போட்டிருந்தாலும் அங்கே ஒன்றும் மாறியிருக்காது.

நம் சட்டத்தின் 9ஆவது பிரிவு இதில் உஷார். 21 ஆகாதவர் துப்பாக்கியை வாங்கக் கூடாது, வைத்திருக்கக் கூடாது, எடுத்துச் செல்லவும் கூடாது. அவருக்கு விற்பதும் கைமாற்றுவதும் குற்றம், இரவல் கொடுப்பதும் கைமாற்றியதாகவே கணக்கு. அதிகாரபூர்வப் பயிற்சிக்கு மட்டும் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. மீறிப் பிடிபட்டால் பையனுக்கு ஓராண்டு வரை சிறை, கொடுத்த பெரியவருக்கு அதைவிடக் கடுமையான தண்டனை. சட்டத்தின் கோபம் யார் மேல் என்பது இதிலேயே தெரிகிறது, அதுதான் நியாயமும்.

ஆனாலும் வீட்டுக்குள் சறுக்குகிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வைத்திருக்கும் விவசாயி, துப்பாக்கியை ரிப்பேருக்குக் கொண்டுபோகக் கல்லூரிப் பையனிடம் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்புகிறார். 21 ஆனவர் என்றால் அந்தக் கடிதம் செல்லும். 20 வயது மகனுக்குச் செல்லாது. லைசென்ஸ்தாரர் இறந்து, மகனுக்கு 19 வயது என்றால், "இன்னும் ரெண்டு வருஷம்தானே" என்று பீரோவில் வைத்துப் பூட்டக் கூடாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். விதித்த காலத்துக்குள் விற்கவோ வாரிசு பெயரில் லைசென்ஸ் எடுக்கவோ இல்லையென்றால் அரசுடைமையாகிவிடும்.

உயிரோடு இருக்கும் அப்பா செய்ய வேண்டியது பூட்டு விஷயம். டபுள் பேரல் என்றால் முதலில் மடக்கித் திறந்து இரண்டு குழாயும் காலியா என்று கண்ணால் பார்க்க வேண்டும். முன்பிடிக் கட்டையைக் கழற்றினால் குழாய் தனியே, பின்கட்டை தனியே வந்துவிடும். குழாய் ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில். இரண்டு சாவியும் ஒரே கொத்தில் பூஜை அறை ஆணியில் தொங்கினால், பூட்டியும் ஒன்றுதான் பூட்டாததும் ஒன்றுதான்.

போகிற போக்கில் எல்லைக்காரர்களுக்கு ஒன்று. லைசென்ஸில் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். புதுச்சேரிக்கு மட்டும் என்றிருந்தால் கடலூர்ப் பக்க நிலத்தில் அது துணைக்கு வராது. இங்கே ஊர்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடப்பதால், எடுத்துச் செல்லும் பாதையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உண்மையில் இந்த ஊர்ப் பையன்கள் கைக்கு எளிதாகச் சிக்குவது ஏர்கன். குழாய் விட்டம் 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மிகாமலும், வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று எதுவும் குறுக்கே வராது. அதற்காக ஊசுட்டேரியில் நீர்ப்பறவையைக் குறிவைத்தால் வனவிலங்குச் சட்டம் வரும்.

இன்னொரு வில்லங்கம், குண்டின் வேகத்தைக் கூட்ட ஏர்கனின் ஸ்பிரிங்கை மாற்றுவது. அரை கிராம் ஈயக் குண்டு வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் 10 ஜூல்தான். வேகம் 283 மீட்டரைத் தொட்டால் 20 ஜூல். வேகம் ஒன்றரை மடங்கு கூடுவதற்குள் ஆற்றல் இரட்டிப்பாகிவிடுகிறது. கெட்டி ஸ்பிரிங் போட்டு அந்தக் கோட்டைத் தாண்டினால் அது லைசென்ஸ் வேண்டிய துப்பாக்கி. வைத்திருக்கும் பையன் மட்டுமல்ல, மாற்றிக் கொடுத்த மெக்கானிக்கும் ஆயுதச் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.