தெருமுனையில் நிற்பவரின் வேலை

காவல்துறைக்கும் தீயணைப்புப் படைக்கும் ஆம்புலன்ஸ் குழுவுக்கும் துணையாக நிற்க முன்வரும் குடியிருப்புத் தன்னார்வலர்கள் முதலில் மனதில் பதிக்க வேண்டியது ஒன்றுதான். அவர்களுடைய வேலையை நாம் செய்யப் போவதில்லை. அவர்கள் வந்து இறங்கியதும் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் வேலையைத் தொடங்கும்படி இடத்தைத் தயாராக வைத்திருக்கப் போகிறோம்.

நிமிடங்கள் வீணாவது பெரும்பாலும் கடைசி 100 மீட்டரில்தான். வண்டி தெருவுக்குள் வந்துவிடும். எந்த வாசல் என்று தெரியாது. வாசல் தெரிந்தால் கேட் பூட்டியிருக்கும். கேட் திறந்தால் லிஃப்ட் எட்டாவது மாடியில் நிற்கும். இதற்கு மூன்று பேர் போதும்: தெருமுனையில் ஒருவர், வாசலில் ஒருவர், லிஃப்டைத் தரைத்தளத்தில் பிடித்து வைக்க ஒருவர். தீ என்றால் மட்டும் லிஃப்டைத் தொடக் கூடாது. அந்த மூன்றாமவர் மாடிப்படியை மறைத்து நிற்கும் பைக்குகளை அகற்றட்டும். இரவில் முனையில் நிற்பவர் டார்ச்சை ஓட்டுநர் முகத்துக்கு நேரே ஆட்டினால் அவருக்கு ஒன்றுமே தெரியாது. வெளிச்சத்தைத் தரையில் அடித்து, போக வேண்டிய பக்கத்தைக் காட்ட வேண்டும்.

தீயணைப்பு வண்டிக்குக் குறைந்தது மூன்றரை முதல் நான்கு மீட்டர் அகலமாவது வழி வேண்டும். ஏணி வண்டி என்றால் அதன் தாங்குகால்கள் இருபுறமும் விரியும். அகலம் இன்னும் கூடுதலாக வேண்டும். காரை ஓரமாகத் தள்ளி நிறுத்துவது பல தெருக்களில் போதாது, தெருவை விட்டே எடுக்க வேண்டியிருக்கும். தண்ணீர் ஏறிய ஹோஸ் பைப்பின் மேல் பைக்கைக்கூட ஏற்ற விடக் கூடாது. உள்ளே தீயின் முன் நிற்பவருக்குத் தண்ணீர் ஒரு கணம் தடைபட்டாலும் உயிருக்கே ஆபத்து.

கூட்டத்தைத் தடுக்கும் டேப்பை எவ்வளவு தூரத்தில் கட்டுவது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். முதலில் தேவைக்கு மேலேயே தள்ளிக் கட்டுங்கள். வட்டத்தைப் பிறகு சுருக்குவது எளிது. கூடிவிட்ட கூட்டத்தைப் பின்னால் நகரச் சொல்வது மிகக் கடினம். முன்வரிசை நகரத் தயாராக இருந்தாலும் பின்வரிசை விடாது. புகையோ வாயுக் கசிவோ இருந்தால், காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாகவே ஆட்களை நிறுத்துங்கள். அறுந்து விழுந்த மின்கம்பி என்றால் குறைந்தது 10 மீட்டர் தூரம். உயர் அழுத்தக் கம்பிக்கு அதுவும் போதாது. கம்பி அசையாமல் கிடப்பதால் மின்சாரம் இல்லை என்று ஆகாது. தரையிலேயே மின்சாரம் பரவியிருக்கும். அருகில் சிக்கிக்கொண்டவர் காலைத் தூக்கி எட்டு வைக்காமல், இரு பாதங்களையும் சேர்த்துத் தரையோடு தேய்த்தபடி விலக வேண்டும்.

1985இல் மெக்சிகோ நகர நிலநடுக்கத்தில் பயிற்சியில்லாத பொதுமக்கள் 800க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். அந்த முயற்சியில் அவர்களில் 100 பேருக்கும் மேல் இறந்துபோனார்கள் என்று பயிற்சிக் கையேடுகள் சொல்கின்றன. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறை, குடிமக்களுக்கான அவசரகாலப் பயிற்சித் திட்டத்தை உருவாக்கியது. 1993 முதல் அது அமெரிக்கா முழுவதும் பரவியது. இடிந்த கட்டடத்துக்குள் தனியாக நுழையாதே, எப்போதும் இருவராகப் போ, தூண் சாய்ந்திருந்தால் போகவே போகாதே என்ற விதிகளைக் கோழைத்தனம் என்று நினைக்கும் இளைஞர்களிடம் இந்த எண்ணிக்கையைச் சொல்லத்தான் வேண்டும்.

காயம்பட்டவர்கள் பலர் என்றால், சத்தமாக அலறுபவரிடம் எல்லோரும் ஓடுவது இயல்பு. ஆனால் அலறுபவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமில்லாமல் கிடப்பவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். யாரை முதலில் கவனிப்பது என்று வரிசைப்படுத்தும் 'ஸ்டார்ட்' முறை இதை எளிதாக்குகிறது. நடக்க முடிந்தவர்களை முதலில் ஓரிடத்துக்கு வரச் சொல்லுங்கள். மற்றவர்களிடம் மூன்றே கேள்விகள். மூச்சு நிமிடத்துக்கு 30க்கு மேல் போகிறதா? மணிக்கட்டில் நாடி இல்லையா, அல்லது நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்ப இரண்டு நொடிக்கு மேல் ஆகிறதா? 'கையை மூடுங்கள்' என்றால் செய்யாமல் இருக்கிறாரா? ஒன்றுக்கு 'ஆம்' வந்தாலும் அவர் முதல் வரிசை. ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செலவிடக் கூடாது. ரத்தம் பீறிட்டால் துணி வைத்து அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று துணியைத் தூக்கிப் பார்க்காதீர்கள், உறையத் தொடங்கியது பிய்ந்துவிடும். நனைந்தால் மேலேயே இன்னொரு துணி. கை, காலில் ரத்தம் நிற்கவே இல்லையென்றால் ரத்த ஓட்டத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் டூர்னிக்கே பட்டையைக் காயத்துக்கு ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் படாமல் இறுக்கி, கட்டிய நேரத்தை அதிலேயே எழுதுங்கள். மருத்துவமனை சேரும்வரை தளர்த்தக் கூடாது.

குற்றம் நடந்த இடத்தில் நல்லெண்ணமே கெடுதல் செய்யும். ரத்தத்தைக் கழுவிவிடுவது, கிடந்த கத்தியை 'பத்திரமாக' எடுத்து வைப்பது, உடலின் மேல் வீட்டுப் போர்வையைப் போர்த்துவது எல்லாமே தடயத்தை அழிப்பவை. உள்ளே போக ஒரே வழியை வகுத்து, யார் எத்தனை மணிக்குப் போனார், வந்தார் என்று ஒருவர் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். பார்த்த சாட்சிகளை ஒன்றாக உட்கார வைக்காதீர்கள். பேசப் பேச ஒருவர் பார்த்தது மற்றவர் நினைவிலும் ஏறிவிடும். ரோந்தின்போது சந்தேகப்படும்படி யாரையாவது கண்டால் துரத்தவே கூடாது. உயரம், உடை, காலணி, போன திசை, வண்டி எண் ஆகியவற்றைச் சொன்னால் போதும். சட்டையை மாற்றிவிடலாம், செருப்பை மாற்றுவது அபூர்வம்.

காணாமல்போன குழந்தையைத் தேடும்போது தெருவுக்கு ஓடுமுன் வீட்டை மறுபடி தேடுங்கள்: கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், தண்ணீர்த் தொட்டியில், கார் டிக்கியில். பெற்றோர் தேடிவிட்டோம் என்று சொன்னாலும் தேடுங்கள். பதற்றத்தில் கண் பார்க்கும், மனதில் பதியாது. மறதி நோயுள்ள முதியவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் தராமலே இருக்கக்கூடும். அதனால் குரலை நம்பாமல் புதர், படிக்கட்டின் அடிப்பகுதி, பூட்டாத அறை என்று கண்ணால் பார்த்தே தீர வேண்டும்.

வாக்கி டாக்கியில் பொத்தானை அழுத்திய உடனே பேசினால் முதல் சொல் விழுங்கப்படும். அந்தச் சொல் 'வேண்டாம்' என்பதாகவும் இருக்கலாம். அழுத்தி, ஒரு நொடி விட்டு, பேசுங்கள்.

வந்தவர்கள் பொறுப்பேற்றதும் அரை நிமிடத்தில் ஒப்படையுங்கள்: என்ன நடந்தது, எத்தனை பேர், என்ன ஆபத்து, நாம் என்ன செய்தோம், யார் இன்னும் உள்ளே. பிறகு பதிவேட்டில் வெளியேறிய நேரத்தைப் போட்டுவிட்டே கிளம்ப வேண்டும். களைப்பில் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்ட ஒருவரைத் தேடி, தீயணைப்பு வீரர்கள் மறுபடி அந்தக் கட்டடத்துக்குள் இறங்க நேரும்.