தடை என்ற சொல்லே இல்லாத தடைகள்

ஒரு நாட்டுக்கு இன்னொரு நாட்டின் மேல் கோபம் வந்தால் வர்த்தகத்தில் கை வைப்பது பழைய வழக்கம். ஆனால் ‘இன்று முதல் தடை’ என்று வெளிப்படையாக அறிவிப்பது குறைவு. பெரும்பாலும் மாறுவது விண்ணப்பப் படிவம்தான்.

2019 ஜூலையில் ஜப்பான் செய்தது இதற்கு நல்ல பாடம். தென்கொரியாவுக்குப் போகும் மூன்றே பொருட்கள்: ஹைட்ரஜன் ப்ளூரைடு, போட்டோரெசிஸ்ட், ப்ளூரின் சேர்ந்த பாலிஇமைடு. சிப், திரைத் தயாரிப்புக்கு இவை வேண்டும். அதுவரை ஒரே மொத்த உரிமத்தில் பலமுறை சரக்கு அனுப்பலாம். ஜூலை 4 முதல் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் தனி உரிமம். பரிசீலனைக்கு 90 நாள் வரை ஆகலாம். உயர்தூய்மை ஹைட்ரஜன் ப்ளூரைடு கலனையே அரிக்கும், நாள்பட்டால் தூய்மையும் கெடும். ஆகவே ஆறு மாதத்துக்கு வாங்கிக் குவித்துவைக்க முடியாது. அப்படிப்பட்ட பொருளுக்கு 90 நாள் என்பதே மிரட்டல். இரண்டாம் உலகப் போர்க்காலக் கட்டாய உழைப்புக்கு ஜப்பானிய நிறுவனங்களை இழப்பீடு தரச் சொன்ன கொரிய உச்சநீதிமன்றத் தீர்ப்புக்கான பதிலடி என்றது சியோல். பாதுகாப்புக் காரணம் என்றது டோக்கியோ. கொரிய நிறுவனங்கள் உள்நாட்டுத் தயாரிப்பில் இறங்கின. 2023 மார்ச்சில் கட்டுப்பாடு விலகியபோது, ஜப்பானிய விற்பனையாளர்கள் இழந்த சந்தையில் ஒரு பகுதி திரும்பி வரவில்லை.

சீனா–ஆஸ்திரேலியா விவகாரம் இன்னும் நுணுக்கமானது. கோவிட் எங்கே தொடங்கியது என்று விசாரிக்க வேண்டுமென 2020 ஏப்ரலில் ஆஸ்திரேலியா கேட்டது. மே மாதம் அதன் பார்லிக்கு 80.5% வரி விழுந்தது: அடிமாட்டு விலைக்குக் கொட்டியதாக 73.6%, மானியத்தைச் சரிக்கட்ட 6.9%. பழிவாங்கல் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அந்த விசாரணைக் கோப்பு 2018 நவம்பரிலேயே திறந்தது. இத்தகைய விசாரணைக்கு அனுமதிக்கப்பட்ட 18 மாதமும் சரியாக அந்த மே மாதம்தான் முடிந்தது. நோக்கம் எதுவென்று யாராலும் நிரூபிக்க முடியாது. இந்த ஆயுதத்தின் கூர்மையே அதுதான் என்பேன்.

அடி எல்லோருக்கும் ஒரேமாதிரி விழவில்லை. பார்லியைக் கிடங்கில் வைக்கலாம், மாட்டுத் தீவனமாகவும் விற்கலாம். விலை குறைந்தாலும் கப்பல் சவுதி பக்கம் திரும்பியது. ஒயினுக்கு அந்த வசதி இல்லை. சீன வாடிக்கையாளரின் ருசிக்கும் அங்கு வளர்த்த பிராண்டுக்கும் ஈடான சந்தை உடனே எங்கே கிடைக்கும்? சில நிறுவனங்களுக்கு 200 சதவீதத்தையும் தாண்டிய வரி 2024 மார்ச் வரை நீடித்தது. இரும்புத் தாதுவை மட்டும் சீனா தொடவே இல்லை. தன் இறக்குமதியில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது. அதில் கை வைத்தால் தன் உருக்காலைகள்தான் முதலில் அணையும்.

எந்தத் தடையையும் எடைபோட இந்த இரண்டும் போதும்: சரக்கு வேறு பக்கம் திரும்புமா, அடித்தவன் கை வலிக்குமா. ஆப்கானிஸ்தான் படையெடுப்புக்குப் பதிலடியாக 1980 ஜனவரியில் அமெரிக்க அதிபர் கார்ட்டர் சோவியத்துக்குப் போகவிருந்த 1.7 கோடி டன் தானியத்தை நிறுத்தினார். கோதுமைக்கு ஊர் பெயர் எழுதியிருக்காதே! அர்ஜென்டினா விற்றது. சொந்த நாட்டு விவசாயிகள் கொதித்தார்கள். 1981 ஏப்ரலில் ரீகன் தடையை எடுத்தார்.

சிப் தயாரிப்புக்கு வேண்டிய காலியம் என்ற உலோகத்தின் கதை வேறு. தனிச் சுரங்கமே கிடையாது; பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுக்கும்போது கிடைக்கும் உபபொருள். முதல்நிலை உற்பத்தி கிட்டத்தட்ட முழுக்கச் சீனாவில். 2023 ஆகஸ்ட் 1 முதல் உரிமம் கட்டாயம், 2024 டிசம்பரில் அமெரிக்காவுக்கு நேரடித் தடை, 2025 நவம்பரில் அந்தத் தடைக்குத் தற்காலிக இடைநிறுத்தம். வேறிடத்தில் எடுக்க வேண்டுமானால் அலுமினா ஆலையோடு பிரித்தெடுக்கும் பிரிவைக் கட்டவேண்டும். கட்டி முடிப்பதற்குள் சீனா விலையைத் தணித்தால் போட்ட முதல் போச்சு; அதனால் அரசுப் பணம் இல்லாமல் யாரும் துணிவதில்லை.

சட்டத்தில் வழி இருக்கிறதா என்றால், உலக வர்த்தகத்தின் அடிப்படை விதிகளான காட் (GATT) ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவு தேசியப் பாதுகாப்புக்கு விலக்கு தருகிறது. அதை நாடுகள் இஷ்டப்படி வளைக்க முடியாது, ஆராயும் அதிகாரம் தனக்கு உண்டு என்று ரஷ்யா–உக்ரைன் வழக்கில் 2019இல் உலக வர்த்தக அமைப்பின் குழு சொன்னது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரிலிருந்து அந்த அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வில் வழக்கைக் கேட்கப் போதிய உறுப்பினர்கள் இல்லை. தோற்ற நாடு மேல்முறையீடு என்று ஒரு தாளைக் கொடுத்தால் போதும், தீர்ப்பு அங்கேயே கிடக்கும்.